டோரெலின் ஒற்றைக் கையுறை

வில்கரா, புழுதி அடங்கிய சனிக்கிழமை

அன்பு மகள் ஜோஸிக்கு, தென்திசைப் பேரழகியும் வில்கரா நூலகத்தின் கதைராணியும் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமனுமாகிய மெர்வின் எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் என் முழங்காலும் சுகம், முழங்கால்தான் அதை ஒப்புக்கொள்வதில்லை. கடல் தாண்டி அந்த அபெர்டீன் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், கம்பளிக் காலுறை போடுகிறாயா, டீயையே சாப்பாடாக நினைத்துக்கொண்டு திரிகிறாயா? இங்கே வெயில் கொளுத்துகிற கொளுத்தலில் கோழிகள் முட்டையை அவித்தே போடுகின்றன. நூலகத்து கிளெனிஸ் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், அவள் சுட்ட லாமிங்டன் கேக்கால் இன்னும் சுவரில் ஆணி அடிக்கலாம்.

இன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காலையில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்க டோரெலின் பச்சைப் பொய்முடியை, அந்த விக்கை எடுத்தேன். எனக்கு முதன்முதலில் பெண் வேஷம் கட்டி மேடையேற்றிவிட்ட தாய் அவள், போன குளிர்காலத்தில் கண்ணை மூடுகிறவரை நம் வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தது உனக்கும் தெரியும், செத்தவளின் விக்கைத் தலையில் வைக்குமுன் கண்ணாடியைப் பார்த்து அவள் பேரைச் சொல்லி அனுமதி கேட்கணும், கேட்காம வச்சா அவளே வந்து நிப்பா என்று. இத்தனை மாதமாக ஒரு தடவைகூட நான் கேட்காமல் வைத்ததில்லை. இன்று வாசலில் உன்னோடு படித்த டேரன், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அட்டையைத் தூக்கி, ‘பொம்பளை வேஷம் போட்ட கிழவன் புள்ளைங்கள கெடுக்கிறான்’ என்று கத்தினான். கெடுக்கிறது கிடக்கட்டும், கிழவன் என்றானே, அந்த ஆத்திரத்தில் விக்கை அப்படியே கவிழ்த்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிப் பக்கம் திரும்பவேயில்லை.

மண்ணில் வளை தோண்டி வாழும் வாம்பட் ஒன்று தன் வீட்டைத் தொலைத்த கதை. வாம்பட் பாதி ஊர் தேடியிருக்கும், ஜன்னல் சிவந்தது. மேற்கே பாலைவனமே எழுந்து நடந்து வந்ததுபோல் புழுதிப் புயல். விளக்கும் போயிற்று. பட்டப்பகலில் ஒருவர் முகம் ஒருவருக்கு ரத்தச் சிவப்பாய்த் தெரிய, குழந்தைகள் ஒன்றுகூட அழவில்லை ஜோஸி, எல்லாம் சேர்ந்தாற்போல என் தலைக்கு மேலே, பின்னால், எதையோ பார்த்தன. திரும்பினேன். புத்தக அலமாரி, அவ்வளவுதான்.

அப்போது டேரன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து விழுந்தான். கண், மூக்கெல்லாம் மண். ‘பிப்பா உள்ள வந்தாளா, மரத்தடியிலதான் வெளையாடிட்டு இருந்தா, காணோம்யா’ என்றான். அவனுடைய ஐந்து வயசு மகள். கிளெனிஸ் வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்தாள், இல்லை. அந்தப் புழுதியில் பெரிய ஆளே பத்தடியில் திசை கெட்டுச் செத்துப்போவான். என் கழுத்தில் கிடந்த நீள இறகு மாலையின் ஒரு முனையை என் மணிக்கட்டிலும் மறுமுனையை அவன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு இறங்கினோம். உயரக் குதிகால் செருப்போடு நான் அந்தப் புயலைக் கிழித்த கிழிப்பைக் கப்பற்படை பார்த்திருந்தால் என்னைத் தளபதியாக்கியிருக்கும். வாயைத் திறந்து அவள் பேரைக் கூப்பிட்டால் மண்தான் உள்ளே போகிறது. டேரன் அழுதது மாலை வழியாக என் கைக்கு நடுக்கமாக வந்தது. ‘மெர்வ், விட்டுடாதய்யா’ என்றான். ‘விட்டா மாலை கெட்டுப்போகும்டா, நட’ என்றேன்.

வெறுங்கையோடுதான் திரும்பினோம். உள்ளே, பூட்டிக் கிடக்கும் பின்னறையிலிருந்து குழந்தை சிரிக்கிற சத்தம். சாவி கிளெனிஸின் கழுத்தில் தொங்குகிறது, காலையிலிருந்து அவள் அதைத் தொடவில்லை. திறந்தால் பிப்பா நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தலையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. டேரன் அவளை அள்ளிக்கொண்டு எங்கடி போனே என்று கேட்க, ‘ஒரு பாட்டி கையப் புடிச்சு கூட்டி வந்தாங்கப்பா, கதைய முழுசா சொன்னாங்க, வாம்பட் கடைசியில தன் வீட்டு மேலயே உக்காந்துதான் தேடிட்டு இருந்துச்சாம்’ என்றாள். முடிவு அதுதான். ஊரில் இருக்கிற ஒரே பிரதி அப்போதும் என் கக்கத்தில் இருந்தது, கடைசிப் பக்கத்தை நான் இன்னும் திறக்கவில்லை.

பாட்டி எப்படி இருந்தாங்க என்று நான்தான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. ‘மொட்டைத் தலை. முடி எங்கன்னு கேட்டேன், ஒரு திருட்டுப் பய கேக்காம எடுத்து வச்சிருக்கான்னாங்க’ என்று என் தலையைப் பார்த்துச் சொன்னாள். விக் எனக்குப் பனிக்கட்டியாய்க் கனத்தது. அங்கேயே கழற்றி, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து, டோரெல் அம்மா, மன்னிச்சுக்க என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டேரன் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அவனுடைய அட்டை எங்கே பறந்ததோ, அவன் தேடவும் இல்லை.

வண்டியில் ஏறும்போது பிப்பா மறுபடி என்னைக் கூப்பிட்டாள். அந்தப் பாட்டிக்கு ஒரு கையில்தான் வெள்ளிக் கையுறையாம், இவளைப் பிடித்த கை வெறுங்கையாம், ரொம்பச் சில்லென்று இருந்ததாம். இன்னொண்ணு எங்கே என்று இவள் கேட்டதற்கு, ‘ஜோஸிகிட்ட இருக்கு, கடல் தாண்டிப் போய் வாங்கிக்கணும்’ என்றாளாம். ஒன்றை அவள் கையில் மாட்டிப் புதைத்தோம், மற்றதை நீ ஞாபகத்துக்கு என்று எடுத்துப் போனாய். நீ எடுத்துப் போனது நம் இருவரைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, அந்தக் குழந்தைக்கு உன் பேரே தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியில் ஜன்னலைச் சாத்து, குளிருக்குக்கூட அந்தக் கையுறையைப் போடாதே. இந்தக் கடிதம் வந்ததும் இழுப்பறையைத் திற. திறக்குமுன் டோரெல் அம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட்டுக் கேள். கையுறை இருந்தால் நீ நூறாண்டு வாழ்க, உடனே எழுது. அது இல்லாமல் இழுப்பறையில் சிவப்பாகக் கொஞ்சம் மண் கிடந்தால் பயப்படாதே கண்ணு, அவள் குழந்தைகளுக்குக் கெட்டது செய்யமாட்டாள். எனக்கு மட்டும் அதை எழுதாதே.

உன்னைப் பெறாமல் பெற்ற,
மெர்வின் மாமா