முதல் கோப்பு யாருக்கு

நவம்பர் 3, சனி. விட்டு விட்டு மழை.

என்ன நோட்டு, சௌக்கியமா? உன்னைத் தொட்டு நாலு நாள் ஆகிறது. எனக்கு ஒன்றுமில்லை. கடை, வீடு, கடை.

நாளைக்குப் புதிதாக மூன்று பேர் வருகிறார்கள். செய்ய வேண்டியது: டீக்கடையில் ஸ்டூல் இரண்டு கேட்க. சொல்பட்டியல் மூன்று பிரதி எடுக்க. ஒரு கம்ப்யூட்டரை ஒரு மணி நேரம் விடச் சொல்லி பாயிடம் கேட்க.

கேட்டேன். பாய் கடை முதலாளி. கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கத்தான் என்னை வைத்தார்.

"சம்பளம் இல்லாத வேலை. அதுக்கு ஆள் வேற சேக்கற. இன்னாதான்பா செய்றீங்க?"

"கடிதாசி எழுதற சாஃப்ட்வேர் பாய். அதுல இருக்கற இங்கிலீசை எல்லாம் தமிழாக்கறோம். ஆளுக்கு ஒரு கோப்பு."

"எட்டாவது ஃபெயிலு நீ."

"அதனாலதான் பாய் எனக்குப் புரியற மாதிரி எழுதறேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன் போல.

புதியவர்களுக்கு எப்போதும் சேகர்தான் சொல்லிக் கொடுப்பான். நான் டீ வாங்கி வருவேன். அவன் போய் இரண்டு மாதம். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில், நின்ற இடத்திலேயே. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வரும் என்கிறார்கள்.

நவம்பர் 4, ஞாயிறு. வெயில்.

வந்தார்கள். காலேஜ் பையன்கள் இரண்டு பேர். ஸ்டெல்லா என்று ஒரு பெண், நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சொந்த ஊர் கோவளம் என்றாள். எங்கள் ஊர்தான். எந்தத் தெரு என்று கேட்டு, யார் யார் படகு எது என்று பேசி அரை மணி போய்விட்டது. பையன்கள் கொட்டாவி விட்டார்கள்.

விக்கி காட்டினேன். எல்லோரும் சேர்ந்து எழுதுகிற பக்கங்கள். ஸ்டெல்லாவுக்குப் பயம்.

"தெரியாம அழிச்சிட்டா இன்னா பண்றது அண்ணா?"

"அழியாதும்மா. மேல 'வரலாறு'ன்னு கீது பாருங்க. அமுக்குனா பழசெல்லாம் அப்படியே நிக்கும். யார் எடுத்தாங்க, என்னிக்கு எடுத்தாங்க, எல்லாம்."

கடைசியாக 'புதியவர்களுக்கு' பக்கம். அதைத் திருத்த இரண்டு பேருக்குத்தான் அனுமதி. சேகர், நான். அதில் ஒன்பதாவது வரி: முதல் கோப்பை சேகருக்கு மட்டும் அனுப்பவும். அவர் பார்த்துத் திருப்பிய பிறகு குழுவில் சேரலாம்.

சேகர் போட்ட வழக்கம் அது. முதல் தப்பை ஒரே ஒருவர்தான் பார்க்க வேண்டும், ஊரே பார்க்கக் கூடாது என்பான். கோவளத்தில் மீன் ஏலத்துக்குப் புதிதாக வருகிறவளும் முதல் நாள் சத்தம் போட்டு விலை கேட்க மாட்டாள். தன் விலையைப் பக்கத்தில் நிற்கிறவள் காதில் சொல்வாள். என் அத்தை அப்படித்தான் ஆரம்பித்தாள். பிறகு அவள் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். அது வேறு கதை.

வரியைப் படித்தேன். "சேகருக்கு அனுப்பிடுங்க" என்று என் வாய் சொன்னது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 7, புதன். மூட்டம்.

நாளைக்கு தீபாவளி. பெருங்களத்தூரில் பஸ் நகரவில்லை. ஊருக்குப் போகிற கூட்டம், பை, பெட்டி, குழந்தை. அந்த ஸ்டாப் வந்தது. பார்த்தேன். ஒரு ஆள் சோளம் விற்றுக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் இருக்கும்போதே ஸ்டெல்லா போன்.

"அண்ணா, சேகர் சார் பதிலே போடலை. ரெண்டு மெயில் போட்டேன். நான் செஞ்சது அவ்ளோ மோசமா?"

"அவரு ஊர்ல இல்லம்மா."

"எப்போ வருவாரு?"

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

நவம்பர் 9, வெள்ளி. பட்டாசுக் குப்பை, ஈரம்.

நேற்று கறி எடுத்தோம். ருசி தெரியவில்லை.

மத்தியானம் தேவி போன். சேகர் சம்சாரம். அவன் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருக்கிறாள். அது தெரியாது எனக்கு.

"அண்ணா, ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு அவருக்கு மெயில் போட்டுக்கினே கீது. தீபாவளி வாழ்த்து போட்டிருக்கு. இன்னிக்கு ஒண்ணு. படிக்கட்டா?"

"படிம்மா."

"'கோச்சிக்காதீங்க சார். எனக்குத் தமிழ் போதாது போல. நான் விலகிக்கறேன்.' அவ்ளோதான். நான் இன்னா அண்ணா பதில் போடட்டும்?"

"நீ ஒண்ணும் போடாத. நான் பாத்துக்கறேன்."

"அந்தப் பொண்ணு நல்லா செஞ்சிருக்கா?"

"தெரியலம்மா. நான் இன்னும் பாக்கல."

"பாருங்க. அவரா இருந்தா அன்னிக்கே பாத்திருப்பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

நவம்பர் 11, ஞாயிறு. நல்ல மழை. கரண்ட் இல்லை.

காலையில் ஸ்டெல்லாவை வரச் சொன்னேன். வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தாள்.

"செத்துப்போனவருக்கா அண்ணா கோச்சிக்காதீங்கன்னு எழுதினேன்?"

"என் தப்பும்மா."

"வீட்டுல யாராவது படிச்சாங்களா?"

"அவரு சம்சாரம்."

முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, "அந்தப் பக்கத்தை மாத்துங்க. இல்லாட்டி அடுத்து வர்றவங்களும் எழுதுவாங்க" என்றாள்.

திறந்தேன். ஒன்பதாவது வரி. சேகர், மூன்று எழுத்து. ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்த இடத்தில் என் பேர், ஏழுமலை என்று அடித்தேன். சேமி பட்டனுக்கு எலியை நகர்த்தும்போது கரண்ட் போனது. பாயின் பேட்டரி எப்போதோ செத்தது.

அதனால் வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சேமிக்காதது வரலாற்றில் நிற்காது. நான் எடுத்ததற்குச் சாட்சி இல்லை. அவன் பேர் அங்கேயே இருக்கிறது. மறுபடி எடுக்க வேண்டும்.

ஸ்டெல்லா தன் கோப்பைக் காகிதத்தில் எடுத்து வந்திருந்தாள். இப்போதுதான் படித்தேன். நன்றாக இருக்கிறது. மூன்று இடம் திருத்த வேண்டும், அவ்வளவுதான். சேகர் யாருக்கு எழுதினாலும் முதல் வரி ஒன்றுதான்: நன்றாக இருக்கிறது. எனக்கும் அதைத்தான் எழுதினான், நான் அடித்துக் கொடுத்ததில் ஏகப்பட்ட தப்பு இருந்தும். பதில் பார்த்த அன்று நான் தாம்பரத்திலிருந்து வீடு வரைக்கும் நடந்தே

ஸ்டெல்லா உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். கரண்ட் வந்துவிட்டதாம். அந்த விக்கி பக்கத்தில் சேகர் சார் பேர் திரும்ப வந்திருக்காம். "உங்களால முடியலன்னா நான் அடிக்கட்டுமா அண்ணா?" என்கிறாள். இரும்மா, நானே வந்து