வூட்டுக்கு ஒரு ஆளு

உறுவையாறு, புதுச்சேரி, 29 ஆகஸ்ட் 1937
சாமிக்கண்ணு மாமா இன்று சேரியில் பறையடித்தார். "வூட்டுக்கு ஒரு ஆளு, வாய்க்கா வெட்ட வாங்கோ!" மழைக்கு முன் ஆண்டுதோறும் நடப்பது. கூலி கிடையாது, பொது வேலையாம். தண்ணீர் பாய்வதோ மேலத்தெருக்காரர் நிலத்துக்கு. அந்தத் தெருவில் பறை ஒருநாளும் அடித்ததில்லை.
அப்பா இல்லை, அண்ணன் கடலூரில்; வீட்டில் ஆள் என்றால் அம்மாதான். அவளுக்குக் காய்ச்சல். நான் போகிறேன் என்றால், "படிச்ச பொண்ணு சேத்துல எறங்குனா எனக்கு மானம் போவும்டி" என்கிறாள்.

1 செப்டம்பர்
கடலூர் அச்சுக்கூடத்திலிருந்து அண்ணன் ஒருநாள் லீவில் வந்துபோனான். அவன் கொண்டுவந்த இங்கிலீஷ் அகராதியில் 'கொர்வே'! பிரெஞ்சிலிருந்து வாங்கிக்கொண்ட சொல்லாம். பொருள்: பண்ணைக்கோ அரசுக்கோ குடிகள் கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலை. மடத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் எனக்குச் சொல்லித்தந்தது வேறு: சலிப்பான வேலை. பாத்திரம் துலக்குவதும் கொர்வேதான். பிரான்சில் புரட்சி வந்து அந்த வழக்கம் ஒழிந்தது. சொல் அடுப்படிக்குப் போய்விட்டது. பழைய வலியை இங்கிலீஷ்காரன் அப்படியே வைத்திருக்கிறான். இங்கே வலி இருக்கிறது — சொல்ல வாய்தான் இல்லை.

3 செப்டம்பர்
மேலத்தெருப் பெரிய பண்ணை மணவாளனுக்குப் பிரெஞ்சு தெரியும். நேரே போய், "இது கொர்வேங்க ஐயா" என்றேன். சிரித்தார். "எம் மருமவ வெங்காயம் உரிக்கறப்பகூட அதான் சொல்றா. போடி, போய் வேலயப் பாரு."

4 செப்டம்பர்
தோற்றேன். வேறென்ன எழுத?

மாலை: மாமா கேட்டார், "பண்ணகிட்ட சொன்னியாமே, அந்த வார்த்தைக்கி இன்னாடி அர்த்தம்?"
"வெட்டி வேலை மாமா, கூலி குடுக்காம வாங்கற வேலை. பொது வேலைன்னா எல்லாத் தெருவுலயும்ல அடிக்கணும்?"
"எங்கப்பன் காலத்துலகூட அங்க அடிச்சதில்லியே."
"அடிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"
மாமா பறையை நெருப்பில் காட்டிக்கொண்டே இருந்தார்.

5 செப்டம்பர்
மாமா மேலத்தெருவில் அடித்தார்!
மணவாளன் ஓடிவந்தார். "டேய், இங்க இன்னாத்துக்குடா அடிக்கிற?"
"பொது வேலைன்னீங்களே ஆண்டே. இதுவும் வூடுதானே?"
சொல்லிவிட்டு மறுபடியும் அடித்தார். அவர்கள் இறங்கினால்தான் நாங்களும் என்று சேரி உட்கார்ந்துவிட்டது. எங்களை அடிப்பார்களா? பயமாகத்தான் இருக்கிறது.

9 செப்டம்பர்
நேற்று பெருமழை. வாய்க்கால் அடைத்துக்கொண்டு மேலத்தெருக்காரர் நாற்றங்கால் முழுகத் தொடங்கியது. இன்று விடிந்ததும் மணவாளனின் மகன் பலராமன் மண்வெட்டியோடு கரையில் நின்றான். பின்னால் இன்னும் சிலர். எங்கே இறங்குவதென்றே தெரியவில்லை அவனுக்கு.
"மொதல்ல செருப்பக் கழட்டுங்க" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள், பலராமனும்.
கூலி இன்னும் இல்லை. அடுத்த பறைக்குள் அதையும் பேச வேண்டும். உள்ளங்கையெல்லாம் கொப்புளம், எழுத வலிக்கிறது. காலையில் கூடையை எடுத்துக் கொடுத்தவள் அம்மாதான்:
"அவங்களே எறங்கிட்டாங்க. நீயும் போயேன்டி."