டோரீன் கழற்றிய ஜெனரேட்டர்

ஓஹாயோ

மதிப்பிற்குரிய வெர்னனுக்கு,

முழங்கால் வலி தணிந்ததா? மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காமல் நீங்களே விழுங்குவதாக நம்புகிறேன். நான் நலம், கோபம் என் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது.

இங்கே பழைய கார்களை மதிப்பிடும் எங்கள் நடுவர் குழுவின் தலைவர் கிளிஃபோர்டு, சென்ற ஆண்டு போட்டிக்கு வந்த டோரீனின் மஸ்டாங் காருக்கு மதிப்பெண் குறைத்தார். அறுபத்தைந்தாம் ஆண்டு வண்டியில் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்ற ஆல்டர்னேட்டர்தான் இருக்க வேண்டுமாம். அவளுடையதோ முதல் சில மாதங்களில் செய்யப்பட்ட வண்டி. அவற்றில் அந்த வேலைக்குப் பழைய மாதிரி ஜெனரேட்டரே உண்டு. அவரை நம்பிய அவள், அசலைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, இந்த ஆண்டு ஆல்டர்னேட்டரைப் பொருத்திக்கொண்டு வந்தாள்.

இன்று அதே மனிதர், "இது ஆரம்பகால வண்டியாச்சே, ஜெனரேட்டர் எங்கேம்மா?" என்று மறுபடியும் குறைத்தார்.

"நீங்கதானே மாத்தச் சொன்னீங்க!"

"அப்போ எனக்கு இது தெரியாது, டோரீன்."

"தெரியாம வெட்டின மார்க்கை இப்போ திருப்பிக் குடுய்யா," என்றேன் நான்.

விதியில் இடமில்லையாம். நான் தீர்ப்பில் கையெழுத்திட மறுத்ததால், மறுசோதனைக்கு ஒரு வாரம் கிடைத்திருக்கிறது.

நம் மஸ்டாங்கும் அதே ஆரம்பகால வண்டிதானே, ஆகவே அதன் ஜெனரேட்டரை உடனே கழற்றி அனுப்புங்கள். நான் இல்லாமல் நீங்கள் எங்கே ஓட்டிப் போகப் போகிறீர்கள்? உங்கள் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி அனுப்புங்கள். ஜெனரேட்டர் டோரீனுக்கு, சட்டை எனக்கு.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

இர்மா