இரண்டு கையெழுத்துப் போட்ட தாள்

மேடம்,

இன்று காலை லோடு ஆட்டோவுக்கு எஃப்.சி. எடுக்க ஆர்.சி. புத்தகத்தைத் தேடினேன். அதே பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றும் விழுந்தது. அதில் என் கையெழுத்து இரண்டு முறை இருக்கிறது. முதலாவதை நீங்கள் சிவப்பு மையால் அடித்திருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டுக்குப் பிறகு என் தாளில் சிவப்பு மை பட்டது அப்போதுதான்.

கட்டடப் பொறியியல் கடைசி வருஷ மாணவர்களுக்கு நீங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள். வரைபடம் போட்டால் மட்டும் மதிப்பெண் இல்லை. அந்தக் கட்டடத்தில் புழங்கப்போகிற ஒருவரிடம் அதை விளக்கி, 'எனக்குப் புரிந்தது' என்று கையெழுத்து வாங்கி வரவேண்டும். என் மகள் வரைந்தது மீன் மார்க்கெட். நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்கு இருபது வருஷமாக மீன் கூடை ஏற்றிப்போகிற அப்பன் வீட்டிலேயே இருக்க, வேறு யாரைத் தேடுவாள்?

முக்கால் மணி நேரம் விளக்கினாள். முக்கால் மணி நேரமும் நான் தலையாட்டினேன். மகள் நன்றாகப் பேசுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. கையெழுத்தை வளைத்து நெளித்துப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

கையெழுத்துப் போட்டவர்களை நீங்கள் கூப்பிட்டுக் கேட்பீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மீன் வாடையோடு கல்லூரிக்கு வந்து உங்கள் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். வரைபடத்தை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள்.

"தண்ணி எந்தப் பக்கம் போகுதுங்க?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். "பொண்ணு கஷ்டப்பட்டுப் போட்டிருக்கு மேடம். புரியலைன்னு எப்படிச் சொல்றது?"

"நீங்க சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா? அவ கட்டிட்டுப் போயிடுவா. அங்க நிக்கப்போறது நீங்கதானே?"

சிவப்பு மை விழுந்தது. மதிப்பெண் நின்றது. அது வராமல் கிடைத்திருந்த வேலையில் அவள் சேர முடியாது. வெளியே வந்ததும், "எல்லாம் உன்னாலதான்ப்பா!" என்றாள். இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் மறுபடி விரித்தாள். இந்த முறை ஒவ்வொரு கோட்டுக்கும் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"இது வடிகால்ப்பா. மேல கம்பி மூடி."

"ஓட்டை இவ்ளோ பொடிசாவா? செதில் அடைச்சிக்கும் பாப்பா. பத்து மணிக்கெல்லாம் தண்ணி நிக்கும். மீன் அரியிற பொம்பளைங்க அதுலயேதான் உக்காரணும்."

பென்சிலைக் கீழே வைத்தாள். மறுநாள் என் ஆட்டோவிலேயே மார்க்கெட்டுக்கு வந்து, அந்தப் பெண்கள் நடுவே குந்தி உட்கார்ந்து மதியம் வரை பார்த்தாள். இரண்டாவது கையெழுத்து அதற்குப் பிறகு போட்டது. அடியில் கோடு இல்லை.

நீங்கள் இறந்துபோன அன்று கதிர்காமத்தில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன் மேடம். உங்கள் மாணவர்கள் வரிசையில் நின்றபோது ஒருவர், "நீங்க எந்த வருஷம் முடிச்சீங்க சார்?" என்றார்.

"முடிக்கலைங்க. ஒரு தடவை பெயில் ஆனேன்" என்றேன்.

இன்று சாயங்காலம் மகள் ஒரு பள்ளிக்கூடக் கழிவறையின் வரைபடத்தோடு வந்தாள். "ஆபீஸ்ல என்னைச் சும்மா பார்த்துட்டு கையெழுத்துப் போடுன்னு அவசரப்படுத்துறாங்கப்பா" என்று தரையில் விரித்தாள். எல்லாம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பெருமையில் தலை தானாக ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

"புரியலை பாப்பா."

அவள் கோபப்படவில்லை. வரைபடத்தை என் பக்கம் திருப்பி வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.