மூன்றாவது நாற்காலி

1968 பிப்ரவரி 12
தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து விளக்கு அறையைப் பூட்டிவிட்டு நேராக ஸ்கெலட்டன் லைனுக்குப் போனேன், பறை வாசிக்கும் மாணிக்கராஜ் வீட்டுக்கு. பறையை நெருப்பில் காட்டினால் தோல் விறைத்துச் சத்தம் மேலே ஏறுகிறது. ஆற ஆற இறங்குகிறது. இன்று அது இறங்க இறங்க, நானும் வாசித்துக்கொண்டே கிட்டாரின் கீயைத் திருகித் தந்தியைத் தளர்த்தினேன். இரண்டும் சேர்ந்தே இறங்கின. அவன் கை நின்றுவிட்டது. "இன்னாபா இது, கேஜுல எறங்குற மாதிரி கீது!"

அதேதான், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் அந்தக் கூண்டு.

பிப்ரவரி 18
கிளாரன்ஸின் டான்ஸ் பாண்டில் நான்கு வருடமாக வாசிக்கிறேன். அவனிடம் வாசித்துக் காட்டினேன். "சுருதி போச்சு, தம்மு. ஆடுறவன் கால் சிக்கிக்கும் மேன்" என்றான்.

சிக்கட்டும்.

பிப்ரவரி 25
அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சோற்றில் கை வைத்தவர் எழுந்துவிட்டார். "பறை அடிக்க மாட்டேன்னு சொன்னதுக்கு ஊர்ல என்னைக் கட்டிவெச்சு அடிச்சானுங்க. அதை உட்டுட்டு இங்க வந்து, பவுத்தனாகி, தலை நிமிந்து நிக்கிறேன். நீ மறுபடியும் அந்தச் சத்தத்துக்கே போறியா?"

"எழவுக்கு இல்லப்பா. சங்கீதத்துக்கு."

"எவனாவது உக்காரச் சொல்லி அதைக் கேட்டிருக்கானா?"

அவர் மேல் கோபம் வந்தது. என் மேலும்தான்.

மார்ச் 10
ஜூடித் அக்கார்டியனோடு வந்தாள். பள்ளியில் பியானோ சொல்லித்தருகிற ஆங்கிலோ இந்தியப் பெண். இரண்டு தடவை கேட்டுவிட்டு, "நான் எறங்க மாட்டேன். ஒரே சுரத்தைப் புடிச்சிட்டு மேலயே நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றாள். போனோம். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த மாதிரி ஒன்றை நான் எந்த ரேடியோவிலும் கேட்டதில்லை.

ஏப்ரல் 2
எங்கள் பாண்ட் வாசிக்கும் கிளப்பின் செயலாளர் டக்ளஸ் கூப்பிட்டார். ஈஸ்டர் விழாவில் நாங்கள் வாசிக்கலாமாம். கிட்டாரும் அக்கார்டியனும் ஹாலுக்குள். பறை மட்டும் வராந்தாவில்.

"நெருப்பு வெளியே இருக்கட்டும் சார். ஆள்?"

"ஆளும்தான்."

அப்பா சொன்னது அப்படியே! மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கிளப்பைப் பகைத்துக்கொண்டவனுக்குத் தன் பாண்டில் இடமில்லை என்று சாயங்காலமே கிளாரன்ஸ் சொல்லிவிட்டான்.

ஏப்ரல் 3
வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய்.

ஜூலை 14
ஜூடித் கடிதம் எழுதி எழுதி, பெங்களூர் சபா ஒன்று சம்மதித்திருக்கிறது. சனிக்கிழமை கச்சேரி, இன்று அங்கே ஒத்திகை. மேடையில் எனக்கும் அவளுக்கும் நாற்காலி. மாணிக்கராஜுக்குத் தரையில் ஒரு கோணி. இன்னொரு நாற்காலி கேட்டேன். மேடைக்கு இரண்டுதானாம். கீழே ஹாலில் இருநூறு கிடக்கிறது!

"உடுபா, நான் கீழயே குந்திக்கிறேன்" என்றான் மாணிக்கராஜ். நீ குந்தினால் நான் கிட்டாரைத் தொட மாட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தும் கத்தினேன். "மூணு பேருமே கீழ குந்துங்களேன்" என்றாள் நாகம்மா. என் மனைவிக்கு எல்லாமே சுலபம். ஏன் கீழே? அவன் மேலே வரட்டும். சனிக்கிழமை மூன்றாவது நாற்காலி இல்லையென்றால் மேடையும் இல்லை, இனி எந்தச் சபாவும் கூப்பிடாவிட்டாலும் சரி.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஜூலை 20, ரயிலில்
வண்டி ஆடுகிறது, எழுத்து கோணுகிறது.

மாரிகுப்பம் ஸ்டேஷனில் வண்டி புறப்படுகிற நேரத்துக்கு அப்பா வந்தார். தலையில் எங்கள் வீட்டிலிருக்கும் ஒரே நாற்காலி, அவர் பேப்பர் படிக்கிற பிரம்பு நாற்காலி. மாணிக்கராஜ் ஓடிப்போய்க் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.

"நான் இன்னும் ஒத்துக்கல" என்றார் என்னைப் பார்த்து. நாற்காலியை ஏற்றிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.

பெட்டியில் நல்ல கூட்டம். பங்காருப்பேட்டை வரை நாற்காலியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார். அதில் யாரையும் உட்கார விடவில்லை. பிறகு மாணிக்கராஜின் தோளைத் தட்டினார்.

"குந்துப்பா."

"வேணாம் பெரியவரே, நீங்க குந்துங்க."

"குந்து. இப்பவே பழகிக்கோ."

அவன் பறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.