விளக்கேந்தியவளின் இடது கை

மார்ச் 4
தையல்காரி ரவிக்கையின் கைப்பட்டியை மறுபடியும் கோணலாகத் தைத்திருக்கிறாள். பிரிக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

மாலைச் செய்தியில் விடுதலைத் தூணைக் காட்டினார்கள். சென்ற மழையில் இடி விழுந்து, தூணின் முகப்பில் விளக்கேந்தி நிற்கும் கற்பெண்ணின் இடது கை உடைந்ததே, அதற்குப் புதுக் கையின் மாதிரியைக் களிமண்ணில் செய்துவிட்டார்களாம். உள்ளங்கையை வெளியே விரித்து, ஆசீர்வதிப்பதுபோல.

தப்பு. சுத்தத் தப்பு.

மார்ச் 5
மகனிடம் சொன்னேன். "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை? போட்டோ பாத்துதானே செஞ்சிருப்பாங்க." போட்டோ எல்லாம் தரையில் நின்று எடுத்தவை. கீழேயிருந்து பார்த்தால் எந்தக் கையும் ஆசீர்வதிக்கத்தான் செய்யும்.

பிறகு, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். அந்தக் கை என்னுடையது. கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் சிற்பக்கூடத்தில் கல் செதுக்கிக்கொண்டிருந்தார். நான் சாப்பாடு கொண்டுபோன அன்று, மாதிரிக்கு நிற்க வேண்டியவள் வரவில்லை. தலைமைச் சிற்பி என் கையில் எரிகிற விளக்கைக் கொடுத்து நிறுத்தினார். ஜன்னலுக்குக் கதவில்லை, ஒரே காற்று. கான்வென்ட்டில் மெழுகுவத்தி அணைந்தால் மதர் விரல்முட்டியில் ஸ்கேலால் தட்டுவார். அந்தப் பழக்கத்தில் இடது கை தானாகக் குவிந்து சுடரை மறைத்தது. "அப்படியே நில்லும்மா" என்றார் சிற்பி. முகம் வேறு யாருடையதோ. கைகள் இரண்டையும் என் வீட்டுக்காரர்தான் செதுக்கினார். பெரியவர்கள் காதுக்குப் போனால் வம்பு என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அதுவே பழகிவிட்டது.

வரலாற்றுப் புத்தகம் அதை 'நாட்டை ஆசீர்வதிக்கும் கரம்' என்கிறது. ஆசீர்வாதமாம்! ஸ்கேலுக்குப் பயந்த கை அது.

மகன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

மார்ச் 9
தூணுக்குப் போனோம். மகன் சக்கர நாற்காலியோடு வந்தான். அதில் என் கைப்பையை உட்காரவைத்து நான் நடந்தேன்.

சீரமைப்புச் சிற்பி ஒரு பெண். கொண்டையில் பென்சில். "பாட்டி, இது அரசாங்க வேலை. ஆளாளுக்கு வந்து சொன்னா எப்படி?"

"ஆளாளுக்கு வரலை. அந்த ஆளே வந்திருக்கேன்" என்றேன்.

நம்பவில்லை. திங்கட்கிழமை கல்லில் வெட்டத் தொடங்குகிறார்களாம்.

மார்ச் 10
அவர் இருந்திருந்தா ஒரு வார்த்தையில முடிச்சிருப்பார் — இல்லையே. நான்தானே இருக்கேன். போறேன். யார் தடுக்கறாங்கன்னு பாக்கறேன்.

மார்ச் 11
கைப்பையில் அகல் விளக்கும் தீப்பெட்டியும். தூணடியில் போட்டிருந்த வேலைக் கூடாரத்தில் களிமண் கைக்கு எதிரே விளக்கை ஏற்றிச் சிற்பியிடம் நீட்டி, "உன் மாதிரிப்படியே பிடி" என்றேன். பிடித்தாள். மைதானத்துக் காற்று ஊதி அணைத்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. பிறகு நான் வாங்கிப் பிடித்தேன். சுடர் நின்றது.

"மேலே போய் உடைஞ்ச மணிக்கட்டைப் பாரு. எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு வந்து சொல்லு."

சாரத்தில் ஏறினாள். இறங்கி வந்தவள் பென்சிலை உருவிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, கொஞ்ச நேரம் இப்படியே நிக்க முடியுமா?"

முழங்கால் கெஞ்சியது. நான் கெஞ்சவில்லை.

மார்ச் 12
கால் வீக்கம். தைலம்.

ஜூலை 20
தூணை இன்று திறந்துவிட்டார்கள். மகனோடு போனேன். வழிகாட்டி இன்னமும் 'ஆசீர்வதிக்கும் கரம்' என்றே ஒப்பிக்கிறார். மகன் வாயைத் திறந்தான், கிள்ளினேன். வாய் எதையாவது சொல்லட்டும். கை சரியாக இருக்கிறது.

சரி என்றால் முழுச் சரியில்லை. சுட்டுவிரல் மூட்டு புடைத்திருக்கிறது, புறங்கையில் நரம்பு ஓடுகிறது. அதையெல்லாம் விட்டுவிடு என்று அந்தப் பெண்ணிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே. கோபமாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

வலது கை, அவர் செதுக்கியது, வழவழவென்று பத்தொன்பது வயதில் விளக்கைப் பிடித்திருக்கிறது. பக்கத்தில் இந்தக் கை, காற்றை மறைத்துக்கொண்டு.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பும்போது நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பை மடியில்.