எழுந்து நின்ற ஒரு நிமிடம்

என்னங்க,

நீங்களும் அத்தையும் பாப்பாவும் சுகம்தானே? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"கடல் தாண்டிப் போய் காக்கா வெரட்டப் போறியா?" என்று அத்தை சிரித்தார்களே, விரட்டுகிற வேலைகூட இல்லை இது. இந்தத் தீவில் ஆலாப் பறவைகள் வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடுகின்றன. நான் பலகைக் கூண்டுக்குள் அசையாமல் உட்கார்ந்து அந்தக் கூடுகளை எண்ண வேண்டும். ஆள் தலை தெரிந்தால் அவை மிரண்டு பறக்கும். அதற்குள் கடற்காகங்கள் முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

வியாழக்கிழமை உங்கள் போனில் பாப்பா முதல் தடவையாக "அம்மா" என்றாளே, நான் என்னை மறந்து வெளியே வந்து நின்றுவிட்டேன். ஒரு நிமிடம்கூட இருக்காது, மூன்று கூடுகள் காலி.

கூட வேலை செய்யும் அக்கா திட்டவில்லை. "மறுபடி முட்டை போடும், நீ அழாத" என்றார். நான் எங்கே அழுதேன்? கண்ணில் மணல். ஓர் ஆலா மட்டும் பொழுது சாயும்வரை வெறும் குழியிலேயே உட்கார்ந்திருந்தது.

இனி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பாப்பா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

படகுக்காரர் அவசரப்படுத்துகிறார். போனில் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். "அம்மா" என்றபோது அவள் போனைப் பார்த்தாளா, தூக்கி வைத்திருந்த அத்தையைப் பார்த்தாளா?

எதுவாக இருந்தாலும், போனைத்தான் என்று எழுதிவிடுங்கள்.

உங்கள்
வாயாடி